தேநீர் ஆற்றித் தேசம் சுற்றியவர்கள்

குரும்பகரத்தில் தம்பதிகளின் யாத்திரை என்றால் பெரும்பாலும் திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணியோடு நின்றுவிடும். தூர தேசப் பிரயாணமா? "காசு சேரட்டும்" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிடுகிறது. கொச்சியில் சிறு காப்பிக் கடை வைத்திருந்த விஜயனும் அவர் மனைவி மோகனாவும் அவ்வாறு காத்திருக்கவில்லை. தினந்தோறும் 300 ரூபாய் ஒதுக்கினார்கள். போதாததற்குக் கடன் வாங்கினார்கள். திரும்பி வந்து தேநீர் ஆற்றியே கடனைத் தீர்த்தார்கள். தீர்ந்ததும் அடுத்த பிரயாணம்! இதை ஊதாரித்தனம் என்பார் உண்டு. கல்யாண விருந்துக்குக் கடன்படுவதை மட்டும் எவரும் அப்படிச் சொல்வதில்லை! 2007 முதல் 25 தேசங்களுக்கு மேல் கண்டார்கள். சுவிட்ஸர்லாந்து அவர்கள் மனத்தை மிகக் கவர்ந்தது. 2019-ல் ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் சென்றனர். 2021 அக்டோபரில் ருஷ்யாவைப் பார்த்துத் திரும்பினார்கள். மறு மாதமே விஜயன் காலமானார்.