விட்டு விட்டு மறையும் மின்சாரம்
பழைய மோட்டார் வண்டியில் கோளாறு காணும் முறை

மருத்துவரைக் கண்டதும் மறைந்துவிடும் நோயைப் போன்றது, மோட்டார் வண்டியில் விட்டு விட்டுத் தோன்றும் மின்கோளாறு. சாலையில் விளக்குகள் மங்கும், ஹார்ன் ஒலிக்காது, இஞ்சின் திடீரென நின்றுவிடும். சிறிது நேரத்தில் யாவும் தாமாகவே சீராகும். பட்டறையில் நிறுத்திச் சோதித்தால் குறை ஒன்றும் புலப்படாது. இதனால் நல்ல பாட்டரியும் நல்ல டைனமோவும் வீணே மாற்றப்படுகின்றன. கோளாறோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரவில் மலைப்பாதையில் முகப்பு விளக்குகள் ஒரு விநாடி அணைந்தாலும் உயிர்ச்சேதம் நேரக்கூடும். தளர்ந்த இணைப்பில் எழும் வெப்பம் வண்டியையே எரித்துவிடவும் கூடும். ஆகவே இக்கோளாறை ஊகத்தால் அன்றி அளவீட்டால் கண்டறியும் முறையை அறிந்திருத்தல் அவசியமாகும்.

பழைய வண்டியும் புதிய உறுப்புகளும்

மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் கார், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அடிப்படையாகக் கொண்டது. அக்காலத்து வண்டிகளின் டைனமோ ஏறத்தாழ 20 ஆம்பியர் மின்னோட்டமே தரவல்லது. கம்பிகளும் சுவிட்சுகளும் அந்த அளவுக்கு ஏற்பவே அமைந்திருந்தன. இன்று இத்தகைய வண்டிகளைப் பேணுவோர் டைனமோவை நீக்கி, அதனினும் மிகுந்த மின்னோட்டம் தரும் ஆல்டர்னேட்டரைப் பொருத்துகின்றனர்; ஹாலஜன் விளக்குகளையும் மின்விசிறியையும் சேர்க்கின்றனர். ஆனால் கம்பிகள் பல வண்டிகளில் பழையனவாகவே விடப்படுகின்றன. சிறு வாய்க்காலில் பெரு வெள்ளம் விடுவதற்கு ஒப்பானது இது.

மற்றொரு மாறுதலும் கருதத்தக்கது. பழைய பிரிட்டிஷ் அமைப்பு வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உலோக உடலோடு இணைந்திருந்தது. இக்கால ஆல்டர்னேட்டர்கள் பெரும்பாலும் எதிர்முனை இணைப்புக்கே உரியவை. முனைகளை மாற்றாமல் பொருத்தினால் அவற்றின் டயோடுகள் உடனே பழுதாகும். முனைகளை மாற்றும்போது உடலோடு சேரும் இணைப்புகள் கழற்றி மாட்டப்படுகின்றன; அவற்றைச் செவ்வனே முறுக்காமல் விடுவதும் பிற்காலக் கோளாறுக்குக் காரணமாகிறது.

சிறு மின்தடை, பெரு நட்டம்

ஜெர்மன் விஞ்ஞானி ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இங்கே வழிகாட்டுகிறது. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்த இழப்பு கிடைக்கும். 60 வாட் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட் மின்னழுத்தத்தில் 10 ஆம்பியர் பெறுகின்றன. வழியில் ஓர் இணைப்பு துருவேறி 0.1 ஓம் தடை தந்தால் 1 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். 10 வாட் வெப்பம் அந்தச் சிறு முனையில் எழும். வெப்பத்தால் உலோகம் விரிகிறது, குளிர்ந்ததும் சுருங்குகிறது. இவ்வாறு பலமுறை நிகழ்வதால் திருகு மேலும் தளரும். தடை பெருகும்; வெப்பமும் பெருகும். ஓடிச் சூடான வண்டியில் தோன்றும் கோளாறு, ஆறிய வண்டியில் மறைவதன் காரணம் இதுவே. சாலையின் அதிர்வும் மழை ஈரமும் இதற்குத் துணைபுரிகின்றன.

அறிகுறிகளைப் பகுத்தல்

கருவியை எடுக்குமுன் எவை எவை ஒன்றாக அணைகின்றன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அனைத்தும் ஒருங்கே நின்றால், அனைத்துக்கும் பொதுவான பாதையே குற்றவாளி. பாட்டரியின் இரு முனைகள், உடலோடு சேரும் பட்டை, அம்மீட்டரின் திருகுகள், முதன்மைக் கம்பி ஆகியவற்றை இவ்வரிசையில் நோக்குதல் தகும். அம்மீட்டர் பொருத்தப்பட்ட வண்டிகளில் ஸ்டார்ட்டர் நீங்கலாகப் பெரும்பாலான மின்னோட்டம் அதன் வழியே செல்வதால், அங்குள்ள ஒரு தளர்ந்த திருகு வண்டி முழுவதையும் நிறுத்திவிடும். இஞ்சின் மட்டும் நின்று விளக்குகள் எரிந்தால் சாவி சுவிட்சையும் இக்னிஷன் காயில் கம்பிகளையும் ஆராய வேண்டும். முகப்பு விளக்குகள் மட்டும் அணைந்தால் அவற்றின் சுவிட்சுகளும் உடல் இணைப்பும் ஆராயத்தக்கன.

இஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதனை வண்டியின் உடலோடு இணைக்கச் செம்புப் பட்டை ஒன்று தேவை. இஞ்சினை இறக்கி ஏற்றும்போது இப்பட்டை மறக்கப்பட்டால், ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் போன்றவற்றின் வழியே திரும்ப முயலும். கேபிள் சூடாவது இதன் தெளிவான அடையாளம்.

அளந்து காணுதல்

மின்னோட்டம் இல்லாத நிலையில் அளத்தல் பலரும் செய்யும் தவறு. வோல்ட் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே பெறுவதால், துருவேறிய இணைப்பின் வழியாகவும் அது முழு 12 வோல்ட்டைக் காட்டும். ஆகவே விளக்குகளை எரியவிட்டே அளக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, விளக்குகள் எரியும்போது பாட்டரியில் 12.4 வோல்ட்டும் விளக்கில் 10.4 வோல்ட்டும் இருப்பதாகக் கொள்வோம். இடையில் 2 வோல்ட் மறைந்திருக்கிறது. எதிர்முனை உடலோடு இணைந்த வண்டியில், மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும் மற்றதை விளக்கின் நேர்முனையிலும் வைத்தால் 0.4 வோல்ட் காட்டுகிறது. பின்னர் விளக்கின் மறுமுனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வைத்தால் 1.6 வோல்ட் காட்டுகிறது. கோளாறு திரும்பும் பாதையில் உள்ளதென்பது உறுதியாயிற்று. அப்பாதையையும் பாதி பாதியாகப் பிரித்து அளந்தால் குறையுள்ள திருகு அகப்பட்டுவிடும். இந்த 2 வோல்ட் இழப்பு விளக்கின் ஒளியை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும்.

கோளாறு மறைந்திருந்தால் மீட்டரை மாட்டியபடியே கம்பிக் கற்றைகளை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்தும், சுவிட்சுகளை இலேசாகத் தட்டியும் பார்க்க வேண்டும். முள் துள்ளும் இடமே கோளாறின் இடம். இஞ்சின் ஓடும்போது பாட்டரியில் சுமார் 14 வோல்ட் இருத்தல் வேண்டும், அது 12.6-க்கும் கீழே நின்றால் ஆல்டர்னேட்டரும் அதன் கம்பிகளும் ஆராயப்பட வேண்டும். சோதிப்பதற்கென இஞ்சின் ஓடுகையில் பாட்டரிக் கம்பியைக் கழற்றுதல் கூடாது, ஆல்டர்னேட்டர் கெடும்.

பரிகாரம்

முதலில் பாட்டரியின் உடல் இணைப்பைக் கழற்றிவிட்டே வேலை தொடங்க வேண்டும். இணைப்புகளைப் பளபளப்பாகத் தேய்த்து, பற்களுள்ள வாஷர் இட்டு இறுக்கி, வாசலின் தடவுதல் நன்று. கூடுதல் விளக்குகளுக்கும் விசிறிக்கும் பாட்டரியிலிருந்து தனித் தடித்த கம்பியும், அதன் தொடக்கத்திலேயே ஃப்யூஸும், இடையில் ரிலேயும் அமைத்தால் பழைய சுவிட்சின் வழியே சிறு மின்னோட்டமே செல்லும். அடிக்கடி எரியும் ஃப்யூஸுக்குப் பதிலாக ஆணியையோ வெள்ளித்தாளையோ வைப்பது தீயை அழைப்பதாகும். ஃப்யூஸ் காப்பது கம்பியை. அதன் அளவு கம்பியின் பருமனைப் பொறுத்ததே அன்றி நம் வசதியைப் பொறுத்ததன்று.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். மூன்று டார்ச் செல்கள், அவற்றுக்குரிய பல்பு, துருப்பிடித்த ஆணி ஒன்று, வோல்ட் மீட்டர் ஆகியவை போதும். கம்பியின் முனையை ஆணியில் இலேசாகச் சுற்றி, மின்சுற்றின் ஒரு பகுதியாக ஆணியை அமைக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு அதன் தாங்கியில் அளந்தால் மீட்டர் ஏறத்தாழ முழு மின்னழுத்தத்தையும் காட்டும். பல்பைப் பொருத்தியதும் ஒளி மங்கும். மீட்டரின் முள்ளும் இறங்கும். கம்பியை அசைத்தால் பல்பு மினுங்கும். ஆணியை உப்புத்தாளால் தேய்த்துக் கம்பியை இறுகச் சுற்றினால் பல்பு பிரகாசமாக எரியும். ஓம் விதியைச் சூத்திரமாக மட்டும் கற்ற மாணவர், வேலை செய்யும் மின்சுற்றையே அளக்க வேண்டும் என்பதை இச்சோதனையால் ஒருபோதும் மறவார்.