சப்பாணி முதல் தளர்நடை வரை: முதலாண்டின் இறுதியில் குழந்தையும் விளையாட்டும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுகின்றது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. இப்பெயர்களை மாணவர்கள் மனனம் செய்கின்றனர். தேர்விலும் வரிசை பிறழாது எழுதுகின்றனர். ஆயினும் ஒன்பதாம் மாதத்திற்குக் கைகொட்டும் சப்பாணியையும், பதினோராம் மாதத்திற்கு முத்தத்தையும், ஓராண்டு நிரம்பும் காலத்திற்கு வருகையையும் பாட்டியலார் ஏன் வைத்தனர் என்னும் வினா வகுப்பறையில் அரிதாகவே எழுகின்றது. மாதக் கணக்கில் பாட்டியல் நூல்களுக்குள் சிறு வேறுபாடுகள் உண்டு. வரிசையில் மட்டும் பெரிய மாறுபாடு இல்லை. குழந்தைகளை அருகிருந்து பார்த்தவர்களின் வரிசை அது.

அவ்வரிசையின் நடுப்பகுதியை, அதாவது ஒன்பதாம் மாதம் தொடங்கிப் பன்னிரண்டாம் மாதம் முடியும் காலத்தை, இங்கு எடுத்துக்கொள்கின்றோம். நம் கண்முன் நிற்கும் ஊர் கேமரன் மலையின் திரிங்காப். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் சாலையில், காய்கறித் தோட்டங்களும் தேயிலைச் சரிவுகளும் சூழ அமைந்தது அது. வில்லியம் கேமரன் 1885இல் அளந்து சென்ற மலைநாட்டில், 1929இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட பின் தேயிலை வேரூன்றியது. தேயிலையோடு தமிழும் வேரூன்றியது. அம்மலையில் பிறக்கும் ஒரு குழந்தை முதல் பிறந்தநாளை எட்டுவதற்கு முன் தமிழ் அதற்கு என்னவாகின்றது என்பதே நம் வினா. அதற்கு விடை காணக் குழந்தையின் உடலிலிருந்து தொடங்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உடல் இயக்க நிலைகளின் கால எல்லைகளை 2006இல் வெளியிட்டது. அதன்படி, நலமான குழந்தை ஒன்று பிடிமானமின்றி உட்காரத் தொடங்கும் காலம் 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை. கையும் முழங்காலும் ஊன்றித் தவழும் காலம் 5.2 முதல் 13.5 வரை, தானே நடக்கும் காலம் 8.2 முதல் 17.6 வரை. எல்லைகள் எவ்வளவு அகன்றவை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டது, நம் குழந்தை பதினான்கு மாதமாகியும் நடக்கவில்லை என்று கலங்கும் தாய்மார்க்கு இவ்வெண்களே போதிய மறுமொழி. மற்றொரு செய்தியும் அவ்வாய்வில் உண்டு. ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முழங்கால் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டன. சில குழந்தைகள் வயிற்றால் ஊர்கின்றன. சில அமர்ந்தபடியே நகர்கின்றன. குழந்தை நிலைப்படியை முதன்முதல் தாண்டும் நாளில் கொழுக்கட்டை செய்து மகிழும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. எவ்வகையில் தாண்டியது என்று அங்கு யாரும் கேட்பதில்லை. அது சரியான வழக்கமே.

தவழ்வதற்குத் தரை வேண்டும். மலைநாட்டில் இடர் இங்கேதான் தொடங்குகின்றது. இரவில் குளிர் ஏறத்தாழ 15 பாகை வரை இறங்கும் ஊரில், லயத்து வீட்டின் சிமெந்துத் தரை காலையில் பனிக்கட்டிபோல் இருக்கும். ஆகவே குழந்தையைக் கம்பளியில் சுற்றி ஏணையில் இடுகின்றனர். இப்போது ஏணைக்கு மாற்றாக விற்சுருள் தொட்டிலும், மின்விசையால் தானே ஆடும் தொட்டிலும் வந்துள்ளன. உறங்கும் குழந்தைக்கு அவை நன்று. விழித்திருக்கும் ஒன்பது மாதக் குழந்தையை அதிலேயே கிடத்தினால், அதன் கைகால்கள் கற்க வேண்டியதைக் கற்கும் நேரம் குறைந்துபோகும். விழித்திருக்கும் நேரத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியிலோ உயர்நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்திற்கு மேல் கட்டிவைக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகின்றது. ஏணைக்கும் அதே அளவுகோலைக் கொள்வது தகும். பாயை விரித்து அதன்மேல் தடித்த கம்பளியோ நுரைப்பாயோ இட்டு, காலுறையைக் கழற்றிக் கால்விரல் தரையைப் பற்றுமாறு விட்டால், குளிரை வெல்லத் தவழ்தலே போதும்.

நடை பழக்கும் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். மூன்று சக்கரச் சிறுதேரைக் குதிரையின்றி உருட்டும் சிறுவரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. நம் நடைவண்டியும் மூன்று சக்கரம் உடையது. குழந்தை தானே எழுந்து நின்று, தன் எடையைத் தானே தாங்கி அதைத் தள்ளுகின்றது. குழந்தையை நடுவில் அமர்த்தி உருளவிடும் வட்டவடிவ வாக்கர் அவ்வாறன்று. அதில் கால் உந்துகின்றதே அன்றி உடல் தன்னைத் தாங்கப் பழகுவதில்லை. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. படிக்கட்டில் உருண்டு விழுந்த குழந்தைகளே அதற்குக் காரணம். மேடும் பள்ளமும் படியுமாகிய மலைக் குடியிருப்பில் அது எவ்வளவு பொருந்தாது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனிக் கைக்கு வருவோம். ஒன்பதாம் மாதத்தில் குழந்தையின் இரு கைகளும் உடலின் நடுக்கோட்டில் சந்தித்து ஒன்றோடொன்று உறவாடத் தொடங்குகின்றன. சப்பாணி கொட்டுதல் அதன் வெளிப்பாடு. அதற்குப் பெரியவர் ஒருவர் எதிரே இருந்து கொட்டிக் காட்ட வேண்டும். குழந்தை அதைப் பார்த்துத் தன் கையைச் சேர்க்க வேண்டும். பதினோராம் மாதத்து முத்தமும் அவ்வாறே: கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர். குழந்தை கேட்டதை விளங்கிக்கொண்டு விடை தருகின்றது. சப்பாணிக்கும் முத்தத்திற்கும் இடைப்பட்ட இரு மாதங்களில், பார்த்துச் செய்தல் என்னும் நிலையிலிருந்து கேட்டுச் செய்தல் என்னும் நிலைக்குக் குழந்தை நகர்ந்துவிடுகின்றது.

இதே காலத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து சிறு பொருளைக் கிள்ளி எடுக்கின்றன. எடுத்தது வாய்க்குப் போகும். நிலக்கடலை, பொத்தான், காசு, மின்கலம் ஆகியவை தரையில் கிடக்கலாகாது. காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த திரிங்காப் போன்ற ஊரில் மருந்தடித்த சட்டையும் காலணியும் குழந்தை தவழும் அறைக்குள் வாராமல் இருப்பதும் அதே அளவு இன்றியமையாதது. விளையாட்டுப் பொருளுக்குக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. வெறும் மைலோ டின் ஒன்றும், அதனுள் இட்டு எடுக்க நான்கு பெரிய மூடிகளும், ஒரு மரக்கரண்டியும் ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். டின்னின் விளிம்பு விரலை அறுக்காதவாறு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுதல், எடுத்தல், மூடுதல், தட்டுதல் என்று குழந்தை சலியாமல் செய்துகொண்டிருக்கும். துணிக்குள் மறைத்த மூடியைத் தேடி எடுக்குமாயின், கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கின்றது என்று அது அறிந்துவிட்டது என்பது பொருள். ஸ்விட்சர்லாந்து அறிஞர் பியாஜே தம் பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்தே இதனை விளக்கினார்.

சுட்டுவிரல் என்னும் பெயரை நாம் நின்று எண்ணிப் பார்க்கலாம். ஏறத்தாழ ஓராண்டை நெருங்கும் குழந்தை அவ்விரலை நீட்டுகின்றது. காய்கறி ஏற்றிச் செல்லும் லாரியைக் காட்டுகின்றது. கூரைமேல் பூனையைக் காட்டுகின்றது. காட்டிவிட்டுத் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கின்றது. பொருளைக் கேட்பதற்காக அன்று, 'நீயும் பார்' என்பதற்காக. தாயும் அத்திசையில் நோக்கி, "அதோ பூனை!" என்கின்றாள். இருவர் கண்ணும் ஒரு பொருளில் சேரும் அந்நொடியில் சொல் பொருளோடு ஒட்டுகின்றது. தமிழ்ப்பள்ளியில் அகரமும் இகரமும் சுட்டெழுத்து என்று கற்பிக்கின்றோம். அதோ, இதோ, அந்த, இந்த என்று விரலும் எழுத்தும் ஒருங்கே சுட்டுவது முதலாண்டு முடிவதற்குள் நிகழ்ந்துவிடுகின்றது. விரல் நீட்டும்போது மறுமொழி சொல்ல அருகில் ஒருவர் இல்லையாயின், குழந்தை சிறிது நேரம் நீட்டிப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிவிடும்.

செவியின் செய்தி இதனினும் வியப்புடையது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் நாவளை ஒலியையும் பல்லொலியையும் கேட்பித்தனர். நமக்கு விளங்கும் வகையில் சொன்னால், பட்டு என்பதிலுள்ள டகரத்திற்கும் பத்து என்பதிலுள்ள தகரத்திற்கும் உள்ள வேற்றுமை போன்றது அது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் பெரும்பாலானவை வேற்றுமையை உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளுள் மிகச் சிலவே உணர்ந்தன. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளோ ஓராண்டை நெருங்கியும் அதனை இழக்கவில்லை. நாள்தோறும் கேட்கும் மொழியின் ஒலிகளுக்கு ஏற்பச் செவி தன்னைச் செதுக்கிக்கொள்கின்றது. கேளாத வேற்றுமைகளைக் கைவிடத் தொடங்குகின்றது. முதலாம் ஆண்டு வகுப்பில் லகர ளகர ழகரத்திற்கு நாம் படும் பாட்டின் வேர் இவ்வளவு முன்னே செல்லக்கூடும். ஒலிப்பது பின்னரே வரும்; ழகரம் பல குழந்தைகளுக்குச் சில ஆண்டுகள் எடுக்கும். ஆனால் கேட்பது முந்துகின்றது. வாயில் முதலில் வருபவை இதழொலிகள். பகரமும் மகரமும் இதழ் இரண்டும் இயையப் பிறக்கும் என்று தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்தது. அம்மா, அப்பா என்னும் சொற்களில் அவ்விரண்டுமே நிற்கின்றன.

அப்படியாயின் கைப்பேசியில் தமிழ்ப் பாட்டை ஓடவிட்டால் போதுமே என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் பாட்ரிசியா கூலும் அவர்தம் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரே விடை கூறுகின்றது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழியினர் பன்னிரண்டு அமர்வுகளில் நேரில் விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலி வேற்றுமையைக் கற்றுக்கொண்டன. அதே பேச்சை ஒளிப்பதிவாகவும் ஒலிப்பதிவாகவும் பெற்ற குழந்தைகள் கற்கவில்லை. ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டா என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்துமாகும்.

நம் பாட்டிமார் விளையாட்டுகள் எதிரில் ஓர் ஆள் இன்றி நிகழா. உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் கையை விரித்து, பெரியவர் தம் முழங்கையாலோ விரலாலோ கடைகின்றார். பின் ஒவ்வொரு விரலையும் மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, பாட்டிக்கு என்று பங்கிடுகின்றார். இறுதியில் இரு விரல் நண்டாகிக் கைவழியே ஏறி அக்குளில் கூச்சம் காட்டுகின்றது. முறைப்பெயர்கள் வருகின்றன, விரல் ஒவ்வொன்றும் தனித்தனியே தொடப்படுகின்றது, கடைதல், கொடுத்தல், ஊர்தல் என்னும் வினைகள் உடலிலேயே நிகழ்கின்றன. நான்காம் முறை ஆடும்போது நண்டு புறப்படுமுன்னரே குழந்தை தோளைக் குறுக்கிச் சிரிக்கத் தொடங்கும். வரப்போவதை அது எதிர்பார்க்கின்றது. நண்டை நடுவழியில் நிறுத்திப் பாருங்கள்: குழந்தை கையை அசைத்து 'மேலே செல்' என்று கேட்கும். பேச்சில் ஒருவர் முடிக்க மற்றவர் தொடரும் முறைமாற்றம் அங்குப் பழகப்படுகின்றது. 'இந்தா', 'தா' என்று மூடியைக் கொடுத்து வாங்கும் விளையாட்டும், முகத்தைத் துணியால் மூடித் திறக்கும் விளையாட்டும் இவ்வகையினவே. இவற்றை ஜெரோம் புரூனர் என்னும் உளவியலறிஞர் மொழிக்கு முந்திய உரையாடலாகக் கருதி ஆராய்ந்தார்.

தோட்டங்களில் இவ்விளையாட்டுகள் நிகழ்ந்த இடம் ஆயாக் கொட்டகை. விடியுமுன் கொழுந்தெடுக்கச் செல்லும் தாய் குழந்தையை அங்கு விட்டுச் செல்வாள். ஒரே ஆயா பல குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அவ்விடத்தை நாம் பொற்காலமாக்கிப் பேச விரும்பவில்லை. இருப்பினும் குழந்தையின் காதில் நாள் முழுதும் தமிழ் விழுந்தது. இன்று மலையில் வேலை செய்வோர் பல நாட்டினர், பல மொழியினர். பல மொழி கேட்பதால் குழந்தைக்குத் தீங்கில்லை. தமிழ் அவற்றுள் ஒன்றாகவேனும் நேரில் கேட்கப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. தொழிலாளர் வீட்டு வசதி, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் நம் நாட்டில் 1990 முதல் உள்ளது. குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர் சங்கத்தினரும் இவற்றை ஒருமுறை வாசித்துவைத்தல் நன்று. உயர்நிலை மாணவர்கள் தத்தம் பாட்டிமாரிடம் கேட்டு, வீட்டில் ஆடிய கை விளையாட்டுகளை எழுதிவைக்கலாம். ஒரே விளையாட்டு வீட்டுக்கு வீடு மாறுவதை அவர்களே காண்பர்.

சில அடையாளங்களை மட்டும் தள்ளிப்போடலாகாது. ஒன்பது மாதமாகியும் பிடிமானமின்றி உட்காராமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஓராண்டு நிரம்பியும் மழலை ஒலியோ கையசைப்போ விரல் காட்டலோ இல்லாமை, முன்பு செய்ததை இப்போது செய்யாமை ஆகியவை அவை. இவை நோய்க்குச் சான்றல்ல. ஆயினும் செவித்திறனையேனும் உடனே சோதித்தறிய வேண்டும். நம் நாட்டில் ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் தட்டம்மைத் தடுப்பூசிக்காகக் குழந்தையை அரசு சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் செல்கின்றோம். ஊசி போட்டதும் திரும்பிவிடாமல், குழந்தையின் பதிவேட்டிலுள்ள வளர்ச்சிப் பக்கத்தைத் தாதியிடம் காட்டி, அது எதற்குத் திரும்புகின்றது, எதைச் சுட்டுகின்றது என்று சொல்ல அவ்விரு நாள்களே ஏற்ற நாள்கள்.