கம்பி கழலவில்லை, பல் ஏன் திரும்பியது?

மாணவர்களே, பிரேஸ் சிகிச்சை முடிந்த பலருக்குக் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் மெல்லிய கம்பி ஒன்றை மருத்துவர் ஒட்டிவிடுவார். பெரும்பாலும் ஒரு கோரைப்பல் தொடங்கி மறு கோரைப்பல் வரை ஆறு பற்களை அது பிணைத்திருக்கும்.

இந்தக் கம்பி எதற்கு? பல், சுவரில் அடித்த ஆணியைப் போல் எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்த்திசு உண்டு. பல்லைத் தொடர்ந்து ஒரு பக்கமாகத் தள்ளினால், அழுத்தம் படும் பக்கத்தில் சில உயிரணுக்கள் எலும்பைக் கரைக்கும். எதிர்ப்பக்கத்தில் வேறு உயிரணுக்கள் புதிய எலும்பை உருவாக்கும். பிரேஸ் பல்லை நகர்த்துவது இப்படித்தான். பிரேசைக் கழற்றியதும், இழுபட்டிருந்த ஈறு நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்க முயலும். அதைத் தடுப்பதே கம்பியின் வேலை.

ஆனால், சிலருக்குக் கம்பி உடையாமலும் பசை விடாமலும் இருக்கும்போதே பல் நகர்கிறது. அதுவும் பழைய இடத்துக்கு அல்ல. முன்பு இல்லாத புதிய கோணத்துக்கு! ஒரு கோரைப்பல் உதட்டுப் பக்கமும் மற்றது நாக்குப் பக்கமும் சாயலாம். அல்லது அடுத்தடுத்த இரு வெட்டுப்பற்களின் வேர்கள் எதிரெதிர்த் திசையில் திரும்பலாம்.

காரணம் என்ன? ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை வளைத்துப் பிடியுங்கள். விடும்வரை அது நிமிரவே முயலும். பல்லின் வளைவுக்குச் சரியாகப் பொருந்தாத கம்பியை அழுத்திப் பிடித்து ஒட்டினால், அதே மீள்விசை அதற்குள் தங்கிவிடும். கடினமான உணவைக் கடிக்கும்போது கம்பி வளைந்தாலும், பல இழைகளாலான கம்பியின் முறுக்கு தளர்ந்தாலும் இப்படி நேரலாம். விசை சிறியதுதான். ஆனால், இரவு பகலாக, மாதக்கணக்கில் அது செயல்படுகிறது. எலும்பை மாற்ற அது போதும்.

கவனிக்காமல் விட்டால், வேர் மெல்லிய எலும்பைத் தாண்டி வெளியே தள்ளப்படலாம், ஈறும் இறங்கிவிடலாம். இது மெதுவாக நடப்பதால் வலி இல்லாமலே போகலாம்.

எனவே, மாதம் ஒருமுறை கண்ணாடியில் பாருங்கள்:

• ஒரு பல் மட்டும் நீளமாகத் தெரிகிறதா?
• ஈற்றில் வேரின் புடைப்பு தெரிகிறதா?
• பல் சாய்ந்திருக்கிறதா?

மாற்றம் தெரிந்தால் கம்பியை நீங்களே இழுக்காமல் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் கம்பியை அகற்றி விசையை நிறுத்துவார். தேவைப்பட்டால் பல்லை மீண்டும் சீரமைப்பார். கம்பி கழலவில்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.