ஊதி மாட்டிய பிறகு எந்த பாலிசி?

"குடிச்சிட்டு ஓட்டின டி.டி. கேஸ்ல ஃபைன் கட்டிட்டேன். இனிமே என் காருக்கு எவன் இன்சூரன்ஸ் தருவான்?" அரக்கோணம் டீக்கடையில் இதைக் கேட்டால் பெஞ்சில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துவார்கள். தருவார்கள், அண்ணே. உட்காருங்கள், டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவிலிருக்கும் மச்சான் சொல்லும் கதை இங்கே பொருந்தாது. அங்கே இந்தத் தண்டனை வந்தால் பிரீமியம் எகிறும். இங்கே தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் பட்டியல்படி 1000 சிசி வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, வரி தனி. குடித்தவரா, குருக்களா என்று அந்தப் பட்டியல் பார்ப்பதில்லை. நோ கிளெய்ம் போனஸும் கேஸால் போகாது, கிளெய்ம் கேட்டால் போகும். விதிமீறலுக்குத் தனி பிரீமியம் வாங்கலாம் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு 2021-ல் யோசனை சொன்னது. அதன் கணக்கில் தவறான பார்க்கிங்குக்கு 10 அபராதப் புள்ளி, குடித்து ஓட்டினால் 100. முதலில் டெல்லி வட்டாரத்தில் சோதிக்கலாம் என்றது அந்த அறிக்கை.

நம் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி வேறு. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அங்கே நாலு இடம் விசாரியுங்கள். "கேஸ் இருக்குங்க, கூட ஆகும்" என்று ஏஜென்ட் இழுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அத்தோடு இறங்கிவிடுவார்கள். படிவத்தில் தண்டனை பற்றிக் கேட்டிருந்தால் மட்டும் மறைக்காதீர்கள், பின்னால் அதுவே கிளெய்மை மறுக்கக் காரணமாகும்.

உண்மையான வில்லங்கம் லைசென்ஸில் இருக்கிறது. 185-ஆம் பிரிவில் தண்டனை ஆனால், முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். அதோடு குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியைப் பறிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த நாட்களில் சோளிங்கர் வரைதானே என்று நீங்கள் வண்டியை எடுத்து இடித்தால், உங்கள் காருக்குப் பணம் கேட்கவே வழியில்லை. லைசென்ஸ் உள்ள மகன் ஓட்டினால் பாலிசி செல்லும். வண்டி சும்மாதானே நிற்கிறது என்று புதுப்பிக்காமல் விட்டாலும் நஷ்டம்தான்: 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் எல்லாம் போய்விடும்.

இன்னொன்று. குடித்திருந்தபோது ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் இல்லை என்பது எல்லா பாலிசியிலும் அச்சாகியிருக்கும். பம்பர் டு பம்பர் பாலிசி வாங்கினாலும் அந்த வரி மாறாது. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதிக் கவிழ்ந்து எரிந்தது. ஊதிப் பார்த்த சோதனையோ ரத்தப் பரிசோதனையோ இல்லாவிட்டாலும், ஓட்டியவர் குடித்திருந்தார் என்று முடிவு செய்ய வாடையும் சூழ்நிலையும் போதும் என்று சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸ் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு மட்டும் கம்பெனி முதலில் கொடுத்தாக வேண்டும், பிறகு ஓட்டியவரிடமும் உரிமையாளரிடமும் வசூலிக்கலாம் என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தொகை லட்சக்கணக்கில் வரலாம், நிலம் விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே வழக்கமான முழு பாலிசியே போதும், தேதி தவறாமல் புதுப்பியுங்கள். லைசென்ஸ் திரும்பி வரும் வரை சாவி மகனிடம் இருக்கட்டும்.