நீர்த்தொட்டிச் சுவர்களில் வெடிப்பு

கிணற்றிலிருந்து மோட்டார் இறைக்கும் நீரைத் தேக்கி வைப்பதற்காகக் கம்பி கட்டிய கான்கிரீட் தொட்டிகளை நிலச்சுவான்தார்களும் பஞ்சாயத்தாரும் பெருந்தொகை செலவிட்டுக் கட்டி வருகின்றனர். கட்டி முடித்த சில வாரங்களில், நீர் விடுவதற்கு முன்னரே, நீளச் சுவரில் அடியிலிருந்து மேல்நோக்கிச் செங்குத்தாக வெடிப்புகள் காண்பதுண்டு. அஸ்திவாரம் இறங்கிவிட்டதென்றும், கொத்தனார் சிமெண்டைக் குறைத்துவிட்டாரென்றும் உடனே பேச்சு எழுகிறது. சிற்சில இடங்களில் அது உண்மையாயிருக்கலாம். ஆயினும் இவ்வகை வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் வேறு.

ஈரம் உலர உலரக் கான்கிரீட் சுருங்கும். கரிசல் நிலம் கோடையில் பாளம் பாளமாய் வெடிப்பதைக் கண்ட விவசாயிக்கு இது புதிதன்று. சுருக்கம் மீட்டருக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது 10 மீட்டர் நீளமுள்ள சுவர் 3 மில்லிமீட்டர் குறுக வேண்டும். தனித்து நின்றால் தீங்கின்றிக் குறுகிவிடும். ஆனால் அது முன்னரே இட்டு இறுகிப்போன தளத்தின்மேல் கம்பிகளால் பிணைக்கப்பட்டு நிற்கிறது. தளம் அதன் அடியைப் பிடித்துக்கொண்டு குறுகவிடுவதில்லை. கான்கிரீட் பாரத்தைத் தாங்குவதில் வல்லது. இழுப்பைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. ஆகவே சுவர் பிளக்கிறது. தளமிட்ட பின் பணமுடையால் மாதக்கணக்கில் வேலையை நிறுத்தி வைத்துச் சுவர் எழுப்பினால் இத்தீங்கு அதிகமாகும்.

கம்பி கட்டிய தொட்டி நெடுங்காலமாக உள்ளதே. பிரான்சு தேசத்துத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, இரும்புக் கம்பியைச் சிமெண்டில் பதித்துச் செய்த செடித்தொட்டிகளுக்கு 1867-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். கம்பி இருந்தால் வெடிப்பே வராது என்னும் எண்ணம் மட்டும் தவறானது. கம்பி வெடிப்பைப் பங்கிடுகிறதேயன்றித் தடுப்பதில்லை. மேற்சொன்ன 3 மில்லிமீட்டரும் ஒரே இடத்தில் திறந்தால் நீர் ஒழுகித் தொட்டி பயனற்றுப் போகும். அதுவே 15 இடங்களில் 0.2 மில்லிமீட்டராகப் பிரிந்தால் கண்ணுக்கும் எளிதில் புலப்படாது. பருத்த கம்பிகளைத் தூரத் தூரமாக வைப்பதைவிட, அதே எடைக்கு மெல்லிய கம்பிகளை நெருக்கமாக வைப்பது இதனாலேயே சிறந்தது. சுவரில் கிடையாக ஓடும் கம்பியே இவ்வேலையைச் செய்வது. சிக்கனம் கருதி முதலில் குறைக்கப்படுவதும் பரிதாபகரமாக அதுவே.

2000-ஆம் ஆண்டில் வெளியான இந்தியத் தர விதி 456, பொதுவான கட்டடங்களில் 0.3 மில்லிமீட்டரும், இடையறாது ஈரம் படும் பாகங்களில் 0.2 மில்லிமீட்டரும் வெடிப்பின் எல்லையாக வகுத்தது. இவ்வெல்லைக்கு உட்பட்ட மெல்லிய வெடிப்புகள் நீர் நின்றால் பெரும்பாலும் தாமே அடைபடும். சுண்ணச்சத்து வெளிப்பட்டு வெண்மையாகப் படிவதைச் சுரண்டிவிடலாகாது. தபால் கார்டின் விளிம்பு நுழையுமளவு பிளவிருந்தால் பொறியாளரிடம் காட்டுதல் வேண்டும். செம்பழுப்புக் கறை தோன்றினாலோ கம்பி துருவேறத் தொடங்கிவிட்டதென்று அறியலாம். துரு, தான் உண்டான இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வதால் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசுவது வீண் செலவு. கம்பிக்கும் நீர்ப்பக்க முகத்துக்கும் இடையே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்குமாறு கட்டைகள் வைத்துக் கட்டினால் இந்நிலை எளிதில் நேராது.

சுருக்கத்தைக் குறைக்கும் வழி நீரின் அளவில் உள்ளது. 50 கிலோ மூட்டைச் சிமெண்டு இறுகுவதற்கு மெய்யாக வேண்டிய நீர் 12 அல்லது 13 லிட்டரே. எஞ்சியது குழைவுக்காகச் சேர்ப்பது. மணலின் ஈரம் உட்பட மூட்டைக்கு 22½ லிட்டருக்கு மேற்படலாகாது. கலவை கெட்டியாயிருக்கிறதென்று ஆட்கள் முறையிட்டால் அதிர்வுக் கருவி வைத்து இறுக்க வேண்டுமேயன்றி, இன்னொரு வாளி நீர் ஊற்ற இசையலாகாது. உவர்க் கிணற்று நீரும் கடல் மணலும் அறவே தள்ளத்தக்கவை.

இட்ட பிறகோ நீரில் சிக்கனம் கூடாது. ஆடிக் காற்றிலும் கோடை வெயிலிலும் மேற்பரப்பு சில மணி நேரத்திலேயே உலர்ந்து கீறல் விழும். ஆதலின் வேலையை மாலையில் தொடங்குவது நலம். தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்தலாம். சுவரில் அது இயலாமையால் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, சாம்பல் கலந்த சிமெண்டாயின் 14 நாட்கள் இராப்பகல் நனைத்து வரவேண்டும். காலையில் ஒரு முறை நீர் தெளித்துவிட்டுப் போவது நனைத்தலாகாது. நனைந்தும் உலர்ந்தும் மாறி வருவது தீமையே.

கான்கிரீட் போதிய வலிவு பெற்றபின் தொட்டியை நிரப்பி 7 நாட்கள் ஊறவிட்டு, மேலும் 7 நாட்கள் வெளிச்சுவரைக் கவனித்து வருக. இந்நாட்களில் வெளிமுகம் ஈரமின்றியிருந்தால் தொட்டியை ஏற்கலாம். கொத்தனாருக்குரிய கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இருதரப்பாருக்கும் நல்லது.