நிழற்படத்திற்கும் அளவு உண்டு

வங்கிக் கணக்கு தொடங்குவது முதல் வெளிநாட்டுப் பயணம் வரை, நம் வாழ்வின் பல வாயில்களில் நம்மை முந்திக்கொண்டு நிற்பது நமது நிழற்படமே. ஆயினும் அதன் அளவைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். அளவு பொருந்தாத படத்தால் விண்ணப்பம் திரும்பி வரும்போதுதான் அதன் அருமை விளங்குகிறது.

பாஸ்போர்ட் அளவு என்பது எது?

பொதுவாக இப்பெயரால் வழங்குவது 35 மி.மீ. அகலமும் 45 மி.மீ. உயரமும் கொண்ட படம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கும் இதுவே அளவு. அமெரிக்க விசாவுக்கோ 2 அங்குலச் சதுரப் படம் வேண்டும். பான் அட்டைக்கான 49ஏ படிவத்தில் ஒட்டப்பட்ட படம் 2.5 செ.மீ. அகலமும் 3.5 செ.மீ. உயரமும் மட்டுமே உடையதாக இருந்தது. எனவே ஸ்டூடியோவுக்குச் செல்லுமுன் எந்த விண்ணப்பத்திற்கு என்பதை உறுதி செய்துகொண்டு, அளவை எண்ணாலேயே கூறுவது நன்று.

ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் எட்டுப் பிரதிகளாகத் தருவதற்கும் ஒரு கணக்கு உண்டு. 4 × 6 அங்குலத் தாள் என்பது ஏறத்தாழ 102 × 152 மி.மீ. அதில் 35 மி.மீ. அகலப் படங்கள் வரிசைக்கு நான்காக இரண்டு வரிசைகள் அடங்கும். அதே தாளில் 2 அங்குலச் சதுரப் படங்கள் ஆறுதான் அடங்கும்.

ஓரத்தில் நிற்பவர் எங்கே?

குடும்பப் படங்களில் வேறொரு சிக்கல் எழுகிறது. 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் பரப்பு 36 × 24 மி.மீ.; அதாவது 3:2 என்ற விகிதம். 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவால் பரவிய இவ்விகிதமே இன்றைய பெரிய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றிலும் தொடர்கிறது. 4 × 6, 8 × 12, 12 × 18 ஆகிய தாள்கள் இதற்கு முற்றிலும் பொருந்துபவை.

ஆனால் 8 × 10 தாளின் விகிதம் வேறு. 3:2 படத்தை 8 அங்குல உயரத்திற்குப் பெரிதாக்கினால் அதன் அகலம் 12 அங்குலமாகும். தாளிலோ 10 அங்குலமே இடம். மணிவிழாவில் பன்னிருவர் ஒரே வரிசையில் படத்தின் அகலம் முழுவதும் நின்றிருந்தால், இரு ஓரங்களிலும் ஒருவர் வீதம் மறைந்துபோவர். கூச்சத்தால் ஒதுங்கி நின்ற சித்தப்பாவும், பந்தி பரிமாறிவிட்டுக் கடைசியில் வந்து சேர்ந்த அத்தையுமே பெரும்பாலும் அவ்வாறு விடுபடுகின்றனர்.

கைபேசிப் படங்கள் பொதுவாக 4:3 விகிதத்தவை. அவற்றை 4 × 6 தாளில் முழுமையாக நிரப்பி அச்சிட்டால், 4½ அங்குலம் தேவைப்படும் உயரத்தில் அரை அங்குலம் வெட்டுப்படும். ஆகவே படம் எடுக்கும்போதே நாற்புறமும் சிறிது இடம் விடுதல் வேண்டும். பழைய படமெனில், வெள்ளை ஓரம் விட்டு முழுப் படத்தையும் அச்சிடுமாறு கேட்கலாம். மறைந்த பெற்றோரின் ஒரே படத்தைச் சட்டமிடும்போது, முதலில் படத்தின் விகிதத்தைப் பார்த்து, அதன் பின்னரே சட்டத்தை வாங்குதல் உத்தமம்.

தெளிவுக்கு ஓர் எளிய கணக்கு

நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 பிக்சல் என்பது வழக்கமான அளவுகோல். 4 × 6 படத்திற்கு 1200 × 1800 பிக்சல் போதும். 8 × 12-க்கு 2400 × 3600 வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் பிக்சல்கள் குறைந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே சென்று சேரும்.

வீட்டுப் பிரின்டரில் ஏ4 தாளில் (210 × 297 மி.மீ.) அச்சிடுவோர், தாளுக்கு ஏற்பப் பொருத்தும் வசதியை நீக்கி, 100 விழுக்காடு அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் 35 மி.மீ. படம் சற்றுச் சுருங்கியோ விரிந்தோ வரக்கூடும். அச்சான பின் அளவுகோலை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இணையவழி விண்ணப்பங்கள்

வங்கிப் பணித் தேர்வு எழுதும் இளைஞர்கள் அறிந்த அளவு 200 × 230 பிக்சல். கோப்பு 20 முதல் 50 கேபி வரை. இதன் விகிதம் 35 × 45 படத்தின் விகிதத்திலிருந்து வேறுபட்டது. படத்தை வலிந்து இழுத்துப் பொருத்தினால் முகம் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் அகன்று, தேர்வு மையத்தில் அடையாளம் குறித்து ஐயம் எழ இடமுண்டு. இழுக்காமல், மேலும் கீழும் அளவாக வெட்டுவதே முறை.

ஒரு வேண்டுகோள்

வெளிக் கடைகளில் அச்சிடும்போது, உங்கள் படத்தையும் அடையாள ஆவணங்களின் நகல்களையும் அங்குள்ள கணினியிலிருந்து உங்கள் முன்னிலையிலேயே நீக்கச் சொல்லுங்கள். மீந்த பிரதிகளையும் பெற்று வாருங்கள். முகமும் அடையாள எண்ணும் ஒருங்கே பிறர் கையில் சேர்ந்தால், உங்கள் பெயரில் சிம் அட்டையோ கடனோ பெற முயல்வோருக்கு அது வழி திறந்துவிடும். பணத்தைக் காப்பதுபோலவே படத்தையும் காத்துக்கொள்வோம்.