எடிங்டன் எண்ணும் செஞ்சி ரோடும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் விடியற்காலையில் சைக்கிளை எடுப்பவர்கள் டீக்கடையில் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி, "அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர் போயிருக்கீங்க?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதையே இலக்காக வைத்துக்கொண்டவர் நூறு கிலோமீட்டரைத் தொட்ட மறுவாரமே சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிடுகிறார். அடுத்து எதற்காக மிதிப்பது என்று தெரியவில்லை. தொடர்ந்து மிதிக்க வைக்கிற இலக்கு ஒன்று இருக்கிறது. டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

இதை வகுத்தவர் ஆர்தர் எடிங்டன் என்ற ஆங்கிலேய வானியலாளர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930-இல் கேம்பிரிட்ஜ் போன சுப்ரமணியன் சந்திரசேகரின் கதையில் அவரைச் சந்தித்திருப்பீர்கள். விண்மீன்களின் முடிவு பற்றிச் சந்திரசேகர் போட்ட கணக்கை, 1935 ஜனவரியில் லண்டனில் நடந்த வானியல் கழகக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மறுத்துப் பேசியவர் இவர்தான். சந்திரசேகரின் கணக்கே சரி என்று பின்னால் உறுதியானது; 1983-இல் நோபல் பரிசும் வந்தது. இத்தனைக்கும் நடுவில் அந்த இருவரின் நட்பு முறியவில்லை. சந்திரசேகர் அமெரிக்காவில் குடியேறிய பிறகும் எடிங்டன் அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களில் தன் சைக்கிள் கணக்கையும் சொல்லிவந்தார்.

கணக்கு இதுதான். குறைந்தது 20 கிலோமீட்டர் ஓட்டிய நாட்கள் 20 இருந்தால் உங்கள் எண் 20. அது 21 ஆக, 21 கிலோமீட்டருக்குக் குறையாத நாட்கள் 21 வேண்டும். ஒரு நோட்டில் பெரிய தூரம் மேலே வரும்படி வரிசையாக எழுதுங்கள்: 75, 60, 40, 12, 5, 4. ஐந்தாவது வரியில் 5 இருக்கிறது. ஆறாவது வரியில் 4தான். ஆகவே எண் 5. முதல் வரியில் இருக்கிற 75 எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது ஒரு நாள்தான்.

எடிங்டன் மைலில் கணக்கு வைத்தார். 1943-இல் அவர் எண் 77, வயது அறுபது. 77 மைல் என்பது ஏறக்குறைய 124 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னையிலிருந்து திண்டிவனம் வரும் தூரம். அவ்வளவோ அதற்கு மேலோ 77 நாட்கள் மிதித்திருக்கிறார். அதற்காக அவர் எண் கிலோமீட்டரில் 124 என்று சொல்லிவிட முடியாது. அதற்கு 124 நாட்கள் வேண்டும். மைலா கிலோமீட்டரா என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். அதற்கு முன்பு ஒரு ஈஸ்டர் சமயத்தில் அவர் இரண்டு முறை 74¾ மைல் போய்வந்தார். அப்போது அவர் எண் 75. அந்த இரண்டுமே சேராமல் போனதைச் சந்திரசேகருக்கு எழுதியிருக்கிறார். போர்க்காலத்தில் இரவு தங்க இடம் கிடைக்காததால் நெடும்பயணம் போக முடியவில்லை, எண் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றும் எழுதினார்.

இதை நம்மூர் ரோட்டில் வைத்துப் பார்ப்போம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர், போய்வர 56. ஞாயிறுதோறும் போய்வந்தால் ஒரு வருஷத்தில் எண் 52. இன்னும் நான்கு வாரத்தில் 56. அதற்குப் பிறகு பத்து வருஷம் அதே ரோட்டில் போனாலும் எண் நகராது. 57 வேண்டுமென்றால் 57 கிலோமீட்டருக்குக் குறையாத நாட்கள் 57 வேண்டும். அந்த 56 கிலோமீட்டர் நாட்களில் ஒன்றுகூட உதவாது. இந்த இலக்கின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இன்று போகிற தூரத்தை, இரண்டு வருஷம் கழித்து எட்ட வேண்டிய எண்ணை மனதில் வைத்து முடிவுசெய்ய வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறாவது செஞ்சியில் திரும்பாமல் விழுப்புரம் போய், விக்கிரவாண்டி வழியாகத் திண்டிவனம் வந்தால் நூறு கிலோமீட்டர் தாண்டும். அந்த நாள் 57-க்கும் உதவும், 90-க்கும் உதவும்.

காற்றையும் கணக்கில் சேருங்கள். ஆனி, ஆடியில் காலைக் காற்று மேற்கிலிருந்து வரும். மேற்கே செஞ்சிக்குப் போகும்போது அது எதிர்க்காற்று; கால் புதிதாக இருப்பதால் தாங்கும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து நுழைந்துவிட்டால் திரும்பும் வழியும் எதிர்க்காற்றாகிவிடும். கிழக்கே புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்குள் வீடு சேருவதே நல்லது. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். வியர்வையில் போகிற உப்பை மோர் ஈடுகட்டும். நாற்கரச் சாலையில் சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்தில் அதிலேயே போங்கள். இருட்டில் பின்விளக்கு இல்லாமல் கிளம்பவே கூடாது.

ஒரே மூச்சில் நெடுந்தூரம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு பிரெவே என்ற, நேரக் கெடு வைத்த நெடும்பயணம் இருக்கிறது. பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிகள்படி நடப்பது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி நேரம். இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர் 'சூப்பர் ராண்டனர்'. சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் இவற்றை நடத்துகிறது. இதில் முதலிடம், கடைசி இடம் கிடையாது; நேரத்துக்குள் வந்த எல்லோரும் ஒன்றுதான். 200-க்கு, நின்ற நேரத்தையும் சேர்த்து, மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர் வந்தால் போதும். அதனால் வேகமாக மிதிக்கிறவரைவிட, டீக்கடையில் நேரம் கடத்தாதவர் நிம்மதியாக முடிப்பார். எடிங்டன் எண்ணை வளர்த்துவருகிறவருக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே வந்திருக்கும்.

எனக்கு இந்த எண்ணின் மேல் இவ்வளவு பிரியம் இருக்கக் காரணம், அது யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. சைக்கிளின் விலை என்ன, கியர் உண்டா என்று கேட்பதில்லை. பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளுக்கும் லட்ச ரூபாய் சைக்கிளுக்கும் ஒரே கணக்கு. காய்ச்சலில் மூன்று மாதம் படுத்தாலும் சேர்த்த எண் குறையாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் இலக்காக 25 வையுங்கள். வாரம் ஒருநாள், 25 கிலோமீட்டருக்குக் குறையாமல். பிறகு தேவைப்படும் என்பதற்காக முடிந்த வாரங்களில் நாற்பது, ஐம்பது என்று கொஞ்சம் கூடவே போங்கள். தை முதல் ஞாயிறு தொடங்கினால், ஒரு வாரமும் விடாமல் போகிறவருக்கு ஆடிக்குள் 25 கைக்கு வந்துவிடும்.